அப்புறம் போட்டுக்கலாமா?

சாம்பல் நிறக் கைப்பையோடு வந்த அந்த அம்மாள் முக்கால் மணி நேரமாக ஒரே லேப்டாப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சின்ன நோட்டு. உதவி செய்யப் போன இரண்டு விற்பனையாளர்களையும், "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டாள்.

வேறொரு குடும்பத்துக்குப் பில் போட்டுக்கொண்டிருந்த திருப்புளி இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தான்.

திருப்புளி என்பது கடையில் கூட இருப்பவர்கள் வைத்த பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூ கழற்றும் ஒரு சின்னத் திருப்புளி வைத்திருப்பான். லேப்டாப் கேட்டு யாராவது வந்தால் போதும், காட்சிக்கு வைத்திருப்பதன் அடிமூடியைக் கழற்றியே காட்டிவிடுவான்.

"இங்க பாருங்க, ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. இப்ப சின்ன ஸ்டோரேஜே எடுத்துக்குங்க. பத்தலைன்னா அப்புறம் வெளியில வாங்கிப் போட்டுக்கலாம், இங்க கேக்கறதுல மூணுல ஒரு பங்குதான் ஆகும்" என்பான். அப்புறம் கூட்ட முடியாத மாடல் என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவான். வந்தவர்கள் வாயார வாழ்த்திவிட்டுப் போவார்கள். மேனேஜருக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"நீ கடைக்கு வேலை பாக்கறியா, கஸ்டமருக்கு வேலை பாக்கறியா?" என்று கேட்டுப் போன மாதம் எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். திருப்புளியையும் பிடுங்கி மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

அதோடு விட்டாரா மனுஷன்? இந்த வாரம் தனியாகக் கூப்பிட்டு, "ஹெட் ஆபீஸ்லேருந்து கஸ்டமர் மாதிரி ஒரு ஆள் வரும். யாருன்னு எனக்கே தெரியாது. பெரிய ஸ்டோரேஜை வாங்க வைக்கிறியான்னு பாப்பாங்க. மாட்டினா நான் காப்பாத்த மாட்டேன்" என்று சொல்லி வைத்தார். இன்னொரு கிளையில் இப்படி மாட்டிய ஒருவன் அன்று சாயங்காலமே வேலையிழந்து வீட்டுக்குப் போனான்.

திருப்புளியின் மனைவிக்கு ஏழாவது மாதம். டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லி, அவள் தன் வேலையை விட்டு மூன்று வாரம் ஆகிறது. இப்போது இவன் வேலையும் போனால் வீடு என்ன ஆகும்?

பில் முடிந்து அவன் நிமிர்ந்தபோது அந்த அம்மாள் விற்பனையாளர்களின் சட்டைப் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பையில் திருப்புளி குத்திக் குத்தி விழுந்த ஓட்டையைக் கண்டதும் நேராக நடந்து வந்தாள். அங்க அடையாளம் சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள், சந்தேகமே இல்லை.

"உங்களுக்காகத்தான் தம்பி காத்துக்கிட்டிருந்தேன்."

"சொல்லுங்க மேடம்."

"வீட்டுலேருந்தே டைப்பிங் வேலை எடுத்துப் பண்றேன். அந்த லேப்டாப்ல சின்ன ஸ்டோரேஜ் எடுத்தா அப்புறம் கூட்டிக்கலாமா? இல்ல, இப்பவே பெரிசா எடுத்துடணுமா?"

கேள்வியைப் பாருங்கள், பரீட்சைத் தாளிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த மாதிரி. அந்த மாடலை அவன் பத்துத் தடவையாவது கழற்றிப் பார்த்திருப்பான். உள்ளே ஓர் இடம் காலிதான். அதுவும் டைப்பிங் வேலைக்குச் சின்னதிலேயே பாதி மிச்சமிருக்கும்.

"இப்பவே பெரிசா எடுத்துடுங்க மேடம். அப்புறம் கூட்ட முடியாது."

"முடியவே முடியாதா?"

அவள் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"முடியாது மேடம். எல்லாம் போர்டோட சேத்து ஒட்டி வருது."

"என் வேலைக்குச் சின்னது பத்தாதுங்கறீங்க?"

"ஆறு மாசத்துல ரொம்பிடும். அப்ப நீங்க புது லேப்டாப்தான் வாங்கணும்."

இவ்வளவு சரளமாக வருகிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் நோட்டில் ஒரு வரியை அடித்தாள். தள்ளுவண்டியில் எடுத்து வைத்திருந்த பிரிண்டர் பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப இது வேண்டாம் தம்பி. ரெண்டும் சேந்து எனக்குக் கட்டாது. பிரிண்ட் எடுக்க வழக்கம்போல வெளியிலயே அலைஞ்சுக்கறேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. கெட்டிக்காரி, இரக்கப்பட்டு உளறுவேனா என்று தூண்டில் போடுகிறாள். வாயை இறுக மூடிக்கொண்டு பில்லைப் போட்டான்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவனைப் பார்த்துச் சிரித்தார். அப்பாடா, வேலை தப்பித்தது.

அந்தத் தெம்பில் லேப்டாப் பெட்டியை அவனே சுமந்துகொண்டு வாசல்வரை போனான். அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "உங்களை அனுப்பினவங்ககிட்ட என்னைப் பத்தி நல்லபடியா நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்."

அந்த அம்மாள் பெட்டியை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"நான் என்ன தம்பி புதுசா சொல்றது? இந்தக் கடையிலயே பொய் சொல்லாத ஒரே ஆள் நீங்கதான்னு சொல்லித்தானே எங்க அண்ணன் என்னை அனுப்பினாரு."