மில் தளத்தில் இரண்டு கார்கள்

சித்தூர் தரணி, கறுப்பு மாருதி எண்ணூறு. திருப்பதி ஸௌரிராஜன், வெள்ளை ஜென். கொடி காட்ட, சிவப்புத் துணியோடு அவர்கள் தோழி நளினி. கறுப்புக் காரின் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் தரணியின் அப்பா எத்திராஜ். ரேணிகுண்டாவில் மூடிக் கிடக்கும் மில்லின் சிமெண்ட் தளத்தில் இந்தக் காலை வெயிலில் நிற்பது இவ்வளவு பேர்தான். போன வருடம் தரணியும் ஸௌரிராஜனும் ஹைவேயில் போட்டி போட்டதில் தரணியின் கை முறிந்தது. அன்று பிடுங்கிய சாவியை எத்திராஜ் இன்னும் தரவில்லை. தராவிட்டால் பந்தயம் இல்லை. முன்சக்கரங்களுக்கு எதிரே எலுமிச்சம்பழங்கள் இருக்கின்றன. துணி இறங்குமுன் நசுக்குபவர் தோற்றவர். தளத்தின் கடைசியில் அடுக்கிய மணல் மூட்டைகளை எத்திராஜ் ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துவிட்டு வருகிறார். மதிலுக்கு அப்பால் கூட்ஸ் வண்டி கடகடக்கிறது. "ரோட்டுல ஓட்டாதேன்னேள் மாமா. ரோட்டை விட்டே வந்துட்டோம்," என்கிறான் ஸௌரிராஜன். "நீ தோத்துப்போறதுக்கு எம் பொண்ண ஏன்டா இட்டுக்கினு வந்தே?" நளினி சிரித்துவிடுகிறாள். தரணி சிரிக்கவில்லை. "நைனா" என்று மட்டும் சொல்லி, முறிந்து கோணலாகக் கூடிய கையை நீட்டுகிறாள். எத்திராஜ் அதைப் பார்க்காமலே சாவியை அதில் வைக்கிறார். அவள் ஏறி உட்கார்ந்ததும் ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்க்கிறார். பிறகு கதவைச் சாத்தி, ஜன்னல் வழியே கைவிட்டுப் பூட்டுக் குமிழை அழுத்துகிறார்.