தார்ப்பாய்க்குள் நாலாயிரம் கல்

"புதுக்கல்லு வேண்டாம் பாய். போன மாசம் போட்டீங்கல்லா, அந்தக் கல்லு மொத்தமும் வேணும். லாரி வெளிய நிக்குது."

வந்தவன் தன் பெயர் கிங்ஸ்லி என்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. விக்கிரமசிங்கபுரம் போகிற ரோட்டோரத்தில் காஜா முகைதீன் நிலக்கரிச் சாம்பலில் செங்கல் மாதிரிக் கல் போடுகிற பட்டறை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வந்ததும் வராததுமாக லாரியோடு நிற்கிற ஆளை அவர் பார்த்ததே இல்லை.

வேறு நேரமாக இருந்தால் வாயெல்லாம் பல்லாக டீ வரவழைத்திருப்பார். இப்போது டீ சொல்லத் தோன்றவில்லை. அந்த நாலாயிரம் கல்லும் பட்டறை மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

"இந்த வாரம் போட்ட கல்லு அருமையா வந்திருக்கு தம்பி. அதை ஒருதரம் பாருங்களேன்."

"பழைய கல்லுதான் நல்லா உரம் ஏறியிருக்கும். அதுல இருந்து வெளிய ஒண்ணும் போகலையே?"

"ஒரு கல்லு போகல."

"அப்பாடா!" என்றான் கிங்ஸ்லி.

இவன் ஏன் இப்படி ஒற்றைக் காலில் நிற்கிறான் என்று காஜா முகைதீனுக்கு எரிச்சலாக வந்தது. அந்தக் கல்லை அவர் யாருக்கும் விற்கிற மாதிரி இல்லை. ஏன் விற்கவில்லை என்று சொல்கிற மாதிரியும் இல்லை.

தினமும் தண்ணீர் ஊற்றி நனைத்து வந்த கல்லில், இரண்டு வாரத்துக்கு முன்னால் மஞ்சளும் பச்சையுமாகக் கறை கிளம்பியது. பாசிதான் என்று மனைவி முஃபீதா தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மறுநாளே திரும்பவும் வந்தது. சந்தேகப்பட்டு ஒரு கல்லைப் பாளையங்கோட்டையில் தெரிந்த வேதியியல் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இது நிலக்கரிச் சாம்பல் இல்ல பாய். ஆயில் எரிச்சுக் கரண்டு எடுக்கிற பிளான்ட்டுச் சாம்பல். இதுல வனேடியம்னு ஒரு உலோகம் இருக்கு. அதைப் பிரிச்சு எடுக்கன்னே கம்பெனி உண்டு, அங்கதான் இது போகணும். தண்ணி பட்டா கசியும், உடம்புக்கு ஆகாது. தண்ணி இருக்கிற பக்கமே இந்தக் கல்லக் கொண்டு போயிராதீங்க" என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்தச் சாம்பல் லோடு வழக்கத்தைவிடக் கறுப்பாகத்தான் வந்தது. வழியில் மழையில் நனைந்திருக்கும் என்று நினைத்து இறக்கியது இவருடைய கெட்ட நேரம். வெளியே தெரிந்தால் இந்த வட்டாரத்தில் இனி எவன் இவரிடம் கல் வாங்குவான்? கல்லை மூடியதோடு வாயையும் மூடிக்கொண்டார். அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

விலையைச் சொல்லி விரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"பழைய கல்லுன்னா, கல்லுக்கு ரெண்டு ரூபா கூட ஆகும் தம்பி."

"கொடுத்துருதேன்."

திருநெல்வேலிச் சீமையில் பேரம் பேசாமல் கல் வாங்குகிற மனுஷனும் உண்டா?

"அப்படி என்னதான் கட்டுதீங்க?"

"காம்பவுண்டு சுவரு."

"நாலாயிரம் கல்லுக்கா?"

கிங்ஸ்லி திணறினான். தார்ப்பாயைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான். "இல்ல... தொட்டியும் ஒண்ணு கட்டுதோம். தண்ணித் தொட்டி. ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கு."

உள்ளேயிருந்து முஃபீதாவின் குரல் வந்தது.

"இங்கன கொஞ்சம் வாங்க."

உள்ளே போனார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நீங்க சொல்லுதீங்களா, நான் போயிச் சொல்லட்டா?"

"சொன்னா நாளைக்கே பட்டறைய இழுத்து மூடணும் முஃபீதா."

"மூடுவோம். பிள்ளைங்க குடிக்கிற தண்ணி. அதுல விஷம் கலக்கும்னு தெரிஞ்சே வித்துச் சாப்பிடுதது ஹராம் இல்லையா?"

வெளியே வந்து பார்த்தால் கிங்ஸ்லி அதற்குள் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இவர் பதறிப்போனார்.

"தம்பி, அதைத் தொடாதீங்க!" ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இது கெட்ட சாம்பல்ல போட்ட கல்லு. இந்தா, பச்சையாக் கசியுது பாருங்க. தெரியாமத்தான் போட்டேன். ஆனா தெரிஞ்ச பொறவும் ஒருத்தர்ட்டயும் சொல்லல, அது என் தப்பு. ஊரு பூரா சொல்லுங்க, போலீசுக்குப் போகணும்னாலும் போங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன், இதுல தண்ணித் தொட்டி மட்டும் கட்டிராதீங்க!"

சொல்லி முடித்தும் கயிற்றை அவர் விடவில்லை. இவன் கத்துவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தார்.

கிங்ஸ்லி கத்தவில்லை. பச்சைக் கறையைப் பார்த்துத் திடுக்கிடவும் இல்லை. கயிற்றை விட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"தொட்டியும் இல்ல, காம்பவுண்டும் இல்ல பாய். இதுல விஷம் இருக்குன்னு தெரிஞ்ச நாலு நாளா கண்ண மூடினா எவன் வீட்டுத் தண்ணித் தொட்டியோதான் தெரியுது. அதான் வாயில அதுவே வந்துட்டு. கல்லு வெளிய போகுமுன்ன மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன்" என்றான். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "அந்த ஆயில் பிளான்ட்டுல சாம்பல் அள்ளுத கான்ட்ராக்டு என்னோடது. உலோகம் பிரிக்கிற கம்பெனிக்குப் போகவேண்டிய லோடை, தூரமாச்சேன்னு பார்த்து, நிலக்கரிச் சாம்பல்னு பொய் சொல்லி உங்க வாசல்ல கொட்டச் சொன்னவன் நான்தான்."