திரைக்கு ஒரு சால்வை

மூளையில் இருந்த கட்டியை எடுத்து ஏழு மாதம் கழித்து, சுகந்தி பம்ப் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கு வேலைக்குத் திரும்பினாள். அதுவரை அவள் மேசைத் திரையில் இருந்துகொண்டு, அவள் முகத்தோடும் குரலோடும் வேலை பார்த்தது அவளுடைய கணினி நகல்.

உள்ளே நுழைந்ததுமே கைதட்டல் கேட்டது. பலூன்கள் தொங்கின, லட்டு வாசம் வந்தது. தலையில் இருந்த ஸ்கார்ஃபைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள்.

எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சுகந்தி திரும்பி வருவதால் நகலுக்கு இன்றோடு ஓய்வு. மேலாளர் திரைக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்.

பத்து வருடமாகப் பக்கத்து மேசையில் இருக்கும் ஜெனிபர் திரையைப் பார்த்து அழுதாள். "எம் பொண்ணு காலேஜ் சேந்தத மொதல்ல உங்ககிட்டதானுங்க அக்கா சொன்னேன். இனி ஆருகிட்டச் சொல்றது?"

"அட, அழுவாத புள்ள. சுகந்தி வர்றாள்ல, அவகிட்டச் சொல்லு. அவளுக்குத் தலை வலிக்கும், சத்தமா மட்டும் பேசிராத," என்றது நகல்.

திரை அணைந்தது. எல்லோரும் மறுபடி கைதட்டினார்கள். சுகந்தியும் சேர்ந்து தட்டினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிய ஜெனிபர் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பிறகு, நகல் சொன்னது நினைவுக்கு வந்தவளாய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வாங்க மேடம்… நீங்க எப்ப வந்தீங்க?"