தொப்பி கழன்ற வளைவு

உடை மாற்றும் அறை முழுக்க ஈரச் சாக்ஸின் புளித்த வாடை. அதன் மேல் நல்லெண்ணெய் மணம் வேறு. தேசிய அணித் தேர்வில் ஜெயித்த வோன்ஜேயின் அம்மா, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டி நறுக்கிய கிம்பாப் துண்டுகளை எங்கள் ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டிக்கொண்டு வருகிறாள். நானும் வாங்கி மெல்கிறேன். மூலையில் எங்கள் அணியில் மூத்தவரான இன்பியோ அண்ணன் சறுக்குக் காலணியின் கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இன்றைய பனித்தளப் பந்தயத்தில் கடைசி வளைவு வரை அவர்தான் முன்னால் இருந்தார். தடுப்புக்கு வெளியே கோச் பாங் தொப்பியைக் கழற்றினார். உடனே அண்ணன் அகலமாக விலகி, பின்னால் வந்த வேற்று அணிக்காரனையும் வெளியே ஒதுக்கிக்கொண்டு போனார். உள்பக்கம் வோன்ஜேக்கு வழி திறந்தது. போன வருஷமும் இதே தொப்பிதான் கழன்றது. “அடுத்த தடவை உனக்குத்தான்டா” என்று அப்போது கோச் அண்ணனிடம் சொன்னார்.

“ஏம்ப்பா அவ்வளவு தள்ளிப் போனே? வழுக்கிடுச்சா?” ஒன்றும் தெரியாத அம்மா அண்ணனுக்குப் பெரிய துண்டாக ஊட்டுகிறாள்.

“வயசாகுதும்மா அவனுக்கு,” என்று சிரிக்கிறார் கோச். “இனிமே சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும்.”

எல்லோரும் சிரிக்கிறோம். அண்ணனின் தாடை மட்டும் நின்றுவிடுகிறது. பெஞ்சில் மல்லாந்து கிடக்கிற கோச்சின் தொப்பிக்குள், மென்றதையெல்லாம் நிதானமாகத் துப்புகிறார். வெளியே பெண்கள் பந்தயத்துக்கு மணி அடிக்கிறது.

“தொப்பிய எடுடா,” கோச் திரும்பாமலே கை நீட்டுகிறார்.

பெரியவர்களுக்குக் கொடுக்கிற முறைப்படி, அண்ணன் தலை குனிந்து, இரண்டு கைகளாலும் அதை நீட்டுகிறார்.