பஞ்சு இருமல்

"வீட்டுல யாருக்காவது இருமல் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டதும், மெத்தைக்காரர் யோசிக்கவேயில்லை. இல்லை என்று தலையாட்டினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் இருமிக்கொண்டிருந்தாள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சின்ன முகம் சிவந்து, நீலம் பாரித்து, மூச்சு நின்றுபோய், பார்க்கிறவர்கள் உயிரை வாங்கிவிட்டுத்தான் திரும்ப வந்தது.

கக்குவான் இருமலாம். தடுப்பூசி போடுகிற வயதுகூட ஆகாத பிள்ளைக்கு, பக்கத்தில் இருக்கிறவர்களிடமிருந்துதான் ஒட்டுமாம்.

யாரிடமிருந்து என்று அவருக்குத் தெரியும். கொழுந்தியாள்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

நேற்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டார். அழுதுகொண்டே போனவள் இன்று வரவில்லை. வராமல் ஒழியட்டும்.

மனைவி மாசமாக இருந்தபோதே, வீட்டில் எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கைக்குழந்தைக்குப் போடுகிற ஊசி இந்த எருமைமாட்டுக்கு எதற்கு என்று அவர் சொல்ல, மனைவியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

டாக்டரம்மா உள்ளே போனார். மெத்தைக்காரருக்குத் தொண்டை கமறியது.

இருமினார். குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்டும்வரை இருமினார். பெஞ்சில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை, வெறும் பஞ்சு இருமல் என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார்.

பட்டறையில் இருமாதவர் யார்? பஞ்சு அடிக்கிறவன் இருமவில்லை என்றால் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டான் என்று அர்த்தம். அவர் அப்பாவும் இருமினார், அண்ணனும் இருமுகிறார். அந்த வீட்டில் அதை யாரும் இருமல் என்றே சொல்வதில்லை.

கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றிருந்த மனைவி திரும்பினாள். அவரையே பார்த்தாள். முதல்தடவை பார்க்கிறவள் போல வெகுநேரம் பார்த்தாள்.

"பிள்ளைக்குத் தூசி ஆகாதுன்னு நீங்க பட்டறையப் பூட்டி ஒரு மாசமாச்சுங்க."

மெத்தைக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

இருமல்தான் வந்தது.