ஆளுக்கொரு இடம்

நெல்லையப்பர் கோயிலுக்குள் போனவர் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். ஆட்டோவில் ஏறியதும் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, அதில் முதல் வரியைப் பேனாவால் அடித்தார்.

"அதுக்குள்ளயா? உள்ள ஒழுங்கா சுத்திவரவே ஒண்ணரை மணி நேரம் ஆகுமே அண்ணாச்சி!" என்றான் ஆட்டோ ஓட்டும் மந்திரமூர்த்தி.

"பெரிய நந்தியைப் பாத்தாச்சு. கும்பிட்டும் ஆச்சு. மணி என்ன தம்பி?"

"பதினொண்ணே கால்."

"சாயங்காலம் ஆறுக்குள்ள நான் போய்ச் சேந்துரணும். வண்டியை எடு."

அவர் பெயர் சுடலையாண்டி, ஊர் தோவாளைப் பக்கம். ஐம்பது வயது இருக்கும். காலையில் நாகர்கோவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஊரைச் சுற்றிக்காட்ட வேண்டும் என்று மந்திரமூர்த்தியைப் பேசி அமர்த்தியிருந்தார். கையில் கடிகாரமும் இல்லை, செல்போனும் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி மட்டும் கேட்டார்.

ரதவீதியில் அல்வா. இலைத் துண்டில் வைத்துத் தந்ததை நின்ற வாக்கிலேயே விழுங்கினார்.

"வீட்டுக்கு ரெண்டு கிலோ பொதியச் சொல்லட்டா?"

"வேண்டாம் தம்பி. அடுத்த இடத்துக்குப் போவோம்."

அடுத்தது குறுக்குத்துறை. முருகன் கோயில் பக்கத்துப் படித்துறையில் உட்கார்ந்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, கால்களை முழங்கால் வரை ஆற்றுக்குள் விட்டார். மீன்கள் வந்து காலைக் கொத்தின. அன்று முழுக்க அவர் ஆடாமல் அசையாமல் இருந்தது அங்கேதான்; எழுந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

சீட்டில் கிடந்த தாளை மந்திரமூர்த்தி எடுத்துப் பார்த்தான். ஏழெட்டு வரிகள். ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு கையெழுத்து. 'படியில் உட்கார்ந்து காலை நனைக்கவும்' என்று ஒன்று. 'சால்னாவை ரெண்டு தடவை கேட்டு வாங்கவும்' என்று இன்னொன்று, கோணல்மாணலாக.

ஈரக்காலோடு வந்தவரிடம் கேட்டான். "இதெல்லாம் யாரு எழுதினது அண்ணாச்சி?"

"என் கூட இருக்கவங்க. ஆளுக்கு ஒரு இடம் எழுதித் தந்தாங்க. எல்லாத்தையும் பாத்துட்டுப் போயி நான் சொல்லணும்."

"ஏன், அவங்களே வந்து பாத்தா என்னவாம்?"

"லீவு கிடைக்கணும்லா."

ஏதோ கம்பெனியில் கண்டிப்பான முதலாளி போல என்று மந்திரமூர்த்தி நினைத்துக்கொண்டான்.

ஜங்ஷனில் ஹபீப் முகம்மது கடையில் புரோட்டா. சால்னாவை ரெண்டு தடவை கேட்டு வாங்கினாரே தவிர, கண் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"பைய சாப்பிடுங்க. யாரு விரட்டுதா உங்களை?" என்று சிரித்தார் ஹபீப்.

எதிரே உட்கார்ந்திருந்த மந்திரமூர்த்தி அப்போதுதான் சுடலையாண்டியுடைய புது வேட்டியின் ஓரத்து மஞ்சளைக் கவனித்தான்.

"விசேஷ வீட்டுல இருந்து வாரீங்களோ?"

"மக கல்யாணம். நேத்து முடிஞ்சுது."

"அப்பம் இன்னைக்கு மறுவீடு வருவாங்களே! மாப்பிள்ளையை உக்கார வச்சு விருந்து போடாம, பொண்ணைப் பெத்தவரு இங்கன வந்து புரோட்டா திங்கீங்க?"

பிய்த்த துண்டை அவர் வாயில் வைக்கவில்லை. அப்படியே இலையில் போட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

வெளியே வந்ததும், "புது பஸ் ஸ்டாண்டுக்கு விடு" என்றார்.

"தாள்ல இன்னும் மூணு இடம் இருக்கே?"

"விடு தம்பி."

பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டி புறப்படத் தயாராக நின்றது. சுடலையாண்டி அதைச் சுற்றி ரெண்டு நடை நடந்தார். டீ வாங்கினார், குடிக்காமல் கீழே வைத்தார். அது போய், அடுத்த வண்டி வந்தது. அதுவும் போனது. கடைசியில் ஆட்டோ வாடகையைக் கொடுத்து, "நல்லா இரு" என்று சொல்லிவிட்டு மூன்றாவது வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார்.

மகளைப் பார்க்கத்தான் போகிறார் என்று மந்திரமூர்த்திக்கு மனசு நிறைந்தது.

பஸ் நகர்ந்து வாசல் திரும்பியது. திடீரென்று உள்ளே ஒரு சத்தம். கண்டக்டர் திட்டிக்கொண்டிருக்கும்போதே, ஓடுகிற வண்டியிலிருந்து சுடலையாண்டி குதித்தார். தடுமாறி, கையை ஊன்றி எழுந்து, ஆட்டோவை நோக்கி ஓடிவந்தார்.

"மணி என்ன?"

"அஞ்சரை ஆகப்போவுது. என்ன அண்ணாச்சி, எதையும் விட்டுட்டீங்களா?"

"பாளையங்கோட்டைக்கு விடு. வேகமா."

"அப்பம் மக?"

"நான் இப்பம் அங்கன போனா, ராத்திரியே என்னைத் தேடி வந்துருவாங்க. அந்தப் பிள்ளை நிம்மதியே போயிரும்." உள்ளங்கைச் சிராய்ப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "போ தம்பி, நிக்காத."

வழி முழுக்க அவர்தான் சொன்னார். இடது பக்கம், நேரே, இன்னும் கொஞ்சம். உயரமான மதில் ஓரமாகப் போய், பெரிய இரும்புக் கதவுக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். துப்பாக்கியோடு நின்ற காவலர் நிமிர்ந்து பார்த்தார்.

மந்திரமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. "இது ஜெயில்லா? இதுக்கா இந்தப் பறப்புப் பறந்தீங்க? உள்ள இருக்கவங்களைப் பாக்குத நேரம் எப்பவோ முடிஞ்சிருக்குமே. யாரைப் பாக்க வந்தீங்க?"

சுடலையாண்டி இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நாள் முழுக்க இருந்த பதற்றம் அந்த முகத்தில் இப்போது இல்லை.

"பாக்க வரல தம்பி. பதினோரு வருசமா நான் இங்கனதான் இருக்கேன்."