விலக்குக்கு வெளியே

மேசைக்குப் பின்னால் லைசென்ஸ் பிரிவு அதிகாரி, எதிரில் புதிதாக வந்த கிளார்க், ஜன்னலோரம் டைப்பிஸ்ட். பிரித்த பார்சலில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.

“சிமெண்ட் கம்பெனிக்காகப் பேச வருவாரே, அவர் அனுப்பினது மேடம். காலுறைக்கெல்லாமா லைசென்ஸ் கொடுத்துடப் போறோம்? வச்சுக்குங்க” என்றார் கிளார்க்.

“கம்பெனி ஆளுங்ககிட்ட குண்டூசிகூட வாங்கக் கூடாது. திருப்பி அனுப்பிடலாம்.” சொன்னாளே தவிர, அதிகாரியின் விரல்கள் கம்பளியை விடவில்லை.

டைப்பிஸ்ட் சிரித்தாள். “ஏசியில உங்க கால் சில்லிட்டுப் போறது அந்த மனுஷனுக்கு எப்படி மேடம் தெரியும்? மந்திரவாதியா?”

“என் வீட்டுக்காரரும்மா.”

டைப்பிஸ்ட் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிளார்க்தான் முதலில் தேறினார்.

“அப்புறமென்ன மேடம்! குடும்பத்தார் கொடுத்தா வாங்கிக்கலாம்னு விதியிலேயே விலக்கு இருக்கே!”

“போன மாசம் வரைக்கும் இருந்துச்சு. விவாகரத்து ஆயிடுச்சு. இப்போ அவர் வெறும் கம்பெனி ஆள்தான்.”

‘விதிப்படி திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று அவளே கடிதம் எழுதினாள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் கவனித்தாள். பழக்கத்தில், பெயருக்கு முன்னால் அவருடைய இனிஷியலே விழுந்திருந்தது.

அதை அடித்துத் திருத்த மனம் வரவில்லை. கடிதத்தை அப்படியே காலுறையோடு பார்சலில் வைத்து ஒட்டி, தபாலுக்குக் கொடுத்தாள்.